எல்லைக்கல்லில் வெந்த கல்யாணச் சோறு

ஐயர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து எழுத ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை பெயர் எழுதியாயிற்று. என் பெயர் எழுதியாயிற்று. இரண்டு பேருடைய தகப்பனார் பெயரும் ஆயிற்று. 'விவாகம் நடந்த இடம்' என்று அச்சடித்திருந்த கட்டத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வாத்தியாரே, கல்லு எங்க?"

"எந்தக் கல்லு?" என்றார் அப்பா.

"எல்லைக்கல்லு வே! நேத்து சாயந்தரம் இங்கனதான நின்னுச்சு?"

பந்தலில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தோம். மணல் இருந்தது. தாழம்புதர் இருந்தது. அதற்கு அப்பால் கடல் இருந்தது. கல்லை மட்டும் காணவில்லை. காற்று வாக்கில் ஆட்டுக்கறி வேகிற வாசனை வந்தது. ஐயர் அந்த வாசனை வந்த திசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெரிய செம்புப் பானை ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில், தீக்கு நடுவே, மூன்று கற்கள்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வேறு ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். குழம்புவதற்கு இந்த அத்தியாயத்தில் வேறு சங்கதிகள் ஏராளமாக இருக்கின்றன. ஒரு கல்லைக் காணோம் என்றதும் என் கல்யாணம் எப்படி அந்தரத்தில் நின்றது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தத் தீவைச் சொல்ல வேண்டும்.

பாதித்திட்டு

பாளையங்கோட்டையிலிருந்து வில்வண்டியில் நாங்குநேரி, வள்ளியூர் வழியாகத் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், மூன்றாம் நாள் கடல் வரும். அங்கே கரையை ஒட்டி ஒரு மணல்தீவு. நீர் வற்றும்போது முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். நீர் ஏறும்போது வள்ளம் வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க அரை மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் தீவு.

அந்த அவ்வளவையும் இரண்டு தேசங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கிழக்குப் பாதி திருநெல்வேலி ஜில்லா, வெள்ளைக்காரன் ராஜ்ஜியம். மேற்குப் பாதி திருவிதாங்கூர், மகாராஜா ராஜ்ஜியம். அதனால்தான் பெயர் பாதித்திட்டு. துரை பக்கம், ராஜா பக்கம் என்று சனங்கள் சொல்லும்.

இந்தப் பாதியில் ஒரு பங்களா. சித்திரை வெயிலில் துரைமார் குடும்பங்கள் குடையும் நாற்காலியுமாக வந்து இறங்கும். அந்தப் பாதியில் நாகர்கோவில் வக்கீல்மார் குடும்பங்கள். பெண்கள் கடலில் குளிக்கும்போது சுற்றிச் சிவப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேலைக்காரிகள் நிற்பார்கள். நடுவில் ஏழெட்டு ஓலைக்குடில்கள். காற்று வாங்க வரும் எங்களைப் போன்றவர்களுக்கு அவை வாடகைக்குக் கிடைக்கும். அப்போதெல்லாம் எந்த வியாதிக்கும் டாக்டர் கடைசியாகச் சொல்கிற மருந்து கடல்காற்றுதான். அதற்குப் பிறகு அவர் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டு பாதிக்கும் நடுவே வடக்குத் தெற்காக மூன்று கற்கள். வடகரையில் ஒன்று, நடுவில் ஒன்று, தென்கரையில் ஒன்று. இடுப்பளவுகூட இராது. ஒரு முகத்தில் துரைமார் அம்புக்குறி, மறு முகத்தில் மகாராஜாவின் சங்கு முத்திரை. கல்லுக்கு இந்தப் பக்கம் இளநீர் வாங்கினால் காலணா. பத்தடி தள்ளிப் போனால் அதே இளநீர், அதே மரத்து இளநீர், திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு கேட்பான். அப்பா புகையிலை போடுகிறவர். ராஜா பக்கத்துக்குப் புகையிலை கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். ஆகவே மேற்கே உலாவப் போனால் கல் வந்ததும் நின்று துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, பிறகு காலை எடுத்து வைப்பார். "வாய்க்குள்ள இருக்கிறதைக் கூடவாப்பா கேப்பான்?" என்று நான் சிரித்தேன். "கேட்டா என்ன செய்யுவ?" என்றார்.

எனக்கு அந்தக் கற்களைப் பார்த்தாலே ஒரு குழப்பம். ஒரே காற்று, ஒரே மணல், ஒரே நண்டு. நண்டு இந்தத் தேசத்தில் வளை தோண்டி அந்தத் தேசத்தில் எட்டிப் பார்க்கும். மனுஷன் மட்டும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

அம்மா வாயில் பொய் வராது

காற்று வாங்க வந்தது அம்மா. அன்று அவளுக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். பாளையங்கோட்டைத் தெருக்களிலும் ஆற்றுக்கு அக்கரையில் டவுணிலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. அந்த வருஷம் தையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கினால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். தலையணைகூட வைக்கக் கூடாது. நேராகப் படுக்கப் போட்டு, வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, பையப் பைய அழைத்துவந்தோம். தாமிரபரணித் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது என்றாள். கொக்கிரகுளத்துத் துறையில் மோந்த நாலு குடம் தண்ணீரும் வண்டியில் கூடவே வந்தது.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் பொய் சொல்ல மாட்டாள். எல்லாரும்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பீர்கள். கேளுங்கள். ஒருநாள் அப்பாவைத் தேடி ஒருவர் வந்தார். பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்தாலும் விடமாட்டார். அப்பா அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டு, "இல்லைன்னு சொல்லிரு" என்று கை காட்டினார். அம்மா வாசலுக்குப் போனாள். "வீட்டுலதான் இருக்காக. உங்களைப் பாக்கப் பிடிக்கலையாம்" என்றாள். அந்த மனிதர் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

நாங்கள் சின்ன வயதில் பொய் சொல்லி அகப்பட்டால் அடி கிடையாது. "அந்த வாயால வேதம் வாசிக்காதே" என்பாள். அதற்கு அடியே தேவலை.

அப்படிப்பட்டவள் படுக்கையில் கிடந்துகொண்டு ஒரே ஒரு ஆசை சொன்னாள். "கிருபை கல்யாணத்தைக் கண்ணால பாத்துட்டுப் போயிருதேன்."

மாப்பிள்ளை முன்பே முடிவானதுதான். அவர் பெயர் தங்கையா. (இந்த வயதில் எழுதலாம், ஒன்றும் ஆகாது.) கண்டிப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு பேருக்கும் வேலை, தங்க வீடு, ஆனால் புருஷன் பெண்சாதியாக வர வேண்டும், சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. தூத்துக்குடியில் அடுத்த வாரம் வியாழக்கிழமை கப்பல். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. அம்மாவை உடனே திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் ஐயர் மேலிடத்துக்கு எழுதி, கோயிலுக்கு வெளியே கல்யாணம் நடத்த விசேஷ அனுமதி வாங்கிவந்தார். அதில் ஒரு நிபந்தனை. 'திருநெல்வேலி ஜில்லா எல்லைக்குள்.' எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய அனுமதி செல்லாது, அவர் செய்து வைக்கிற கல்யாணமும் செல்லாது.

ஆகவேதான் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வள்ளத்தை விட்டு இறங்கியதும் ஐயர் முதலில் பார்த்தது மணப்பெண்ணை அல்ல, கல்லை. நடுக்கல்லிலிருந்து கிழக்கே பத்தடி அளந்து, பந்தல்கால் நடச் சொன்னார்.

மூன்று கல் வேண்டும்

புதன்கிழமை விடியலில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டும் நல்லெண்ணத்தோடு நடந்தன. என் அனுபவத்தில் பெரிய குழப்பங்களெல்லாம் அப்படித்தான் வருகின்றன.

முதலாவது, மேற்கே இருந்து கச்சான் காற்று கிளம்பியது. பந்தலின் ஓலையைப் பிய்த்து எறிந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்களும் அப்பாவும் சேர்ந்து பந்தலைப் பிடுங்கி, தாழம்புதர் மறைவில் திரும்ப நட்டார்கள். அப்பாவுக்கு ஒரே கவலை. அம்மா படுத்திருந்த குடிலின் சன்னலுக்கு நேராகப் பந்தல் வர வேண்டும். கட்டிலை அந்தச் சன்னலோடு சேர்த்துப் போட்டிருந்தார். உள்ளே ஓடுவார், சன்னல் வழியாகப் பார்ப்பார், வெளியே ஓடிவந்து, "இன்னும் கொஞ்சம் மேற்க, இன்னும் கொஞ்சம்" என்பார். கம்பு நகரும்.

இரண்டாவது, மேலப்பாளையத்திலிருந்து வரவழைத்த சமையல்காரர் மீராசா ராவுத்தர் நீர் வற்றிய நேரம் பார்த்து ஆட்களோடு தீவுக்கு வந்து சேர்ந்தார். திருநெல்வேலி வட்டாரத்தில் அவர் கைச்சோறு இல்லாத பெரிய கல்யாணம் இல்லை. ஆயிரம் பேருக்கு ஆக்குகிறவர், என் அம்மா ஒருகாலத்தில் அவர் மகளுக்குப் பிரசவத்தில் துணை இருந்தாள் என்பதற்காக, முப்பது பேருக்கு ஆக்க மூன்று நாள் பிரயாணம் வந்திருந்தார். பானை கொண்டுவந்தார், ஆடு கொண்டுவந்தார், விறகுகூடக் கொண்டுவந்தார். அடுப்புக்கு மூன்று கல் கொண்டுவர யாருக்குத்தான் தோன்றும்? கல் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா?

உண்டு. அந்தத் தீவு முழுவதும் மணல். சல்லடை போட்டாலும் ஒரு கூழாங்கல் அகப்படாது. அவருடைய ஆட்கள் தேடினார்கள். தீவில் இருந்ததே மூன்று கல். அடுப்புக்கு வேண்டியதும் மூன்று கல். ஆண்டவனே நட்டு வைத்தது மாதிரி இருந்ததாம்.

பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். காற்று கல் நின்ற குழிகளை மணலால் மூடிவிட்டது. பந்தல் நட்டவர்கள் கல்லைத் தேடவில்லை. ஐயர் வந்து நின்றபோது பெண்ணும் மாப்பிள்ளையும் தயாராக நிற்க, பாட்டும் ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னோம். தாலி ஏறியது. அப்புறம்தான் ரிஜிஸ்தர்.

கட்டிய தாலியும் மூடிய ரிஜிஸ்தரும்

"ஏ ராவுத்தரே, என்ன காரியம் செஞ்சீரு! ரெண்டு தேசத்து எல்லையைப் பிடுங்கி அடுப்பு வச்சிருக்கீரே!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லையா?" மீராசா ராவுத்தர் பானையைப் பார்த்தார். "நான் என்னத்தைக் கண்டேன் வாத்தியாரய்யா. நல்ல கல்லு, ஒரே உயரம். இப்ப எடுக்க முடியாது. கறி பாதி வெந்திருக்கு."

தீக்குள்ளே சங்கு கறுத்துக்கொண்டிருந்தது.

கல் எங்கே நின்றது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஐயர் எழுதிவிடுவார். சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. அப்பா, குடிலிலிருந்து எட்டு வைத்தால் இருபது என்றார். மாப்பிள்ளையின் அண்ணன் முப்பது என்றார். இருபது என்றால் நாங்கள் நின்றது திருவிதாங்கூர். முப்பது என்றால் திருநெல்வேலி. இரண்டு பேரும் எட்டு வைத்துக் காட்டினார்கள். அப்பா குட்டை, அவர் நெட்டை. எட்டும் ஒத்துவரவில்லை.

தீவுக்கு இரண்டு காவலர்கள் உண்டு, பாதிக்கு ஒருவர். அவர்களைக் கூப்பிட்டோம். தன் தேசத்துக்கு இன்னும் நாலடி சேர்த்துத்தான் சொல்வார்கள் என்று நினைத்தோம். நடந்தது நேர்மாறு. துரை பக்கத்துப் பேச்சிமுத்து மணலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், முகம் வெளிறிவிட்டது.

"இது எம் பக்கம் இல்லய்யா. பந்தல் நிக்கது பூராவும் ராஜா பக்கம்."

ராஜா பக்கத்துக் காவலர் பரமேஸ்வரன் பிள்ளை வயதானவர். கையைக் கூப்பினார்.

"எனக்கு அறியாது ஐயரே. இது எங்க ராஜ்ஜியம் இல்ல. நீங்க துரை மண்ணிலதான் நிக்கீங்க. நான் ஒண்ணும் பாக்கவும் இல்ல."

கல்லைப் பிடுங்கியது எவன் எல்லையில் என்று மேலே தெரிந்தால் அவன் வேலை போய்விடும். ஆகவே இரண்டு தேசமும் எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

"அப்ப கிழக்க நூறு அடி தள்ளிப் போயி இன்னொரு தடவ செஞ்சு வச்சிருங்க ஐயரே" என்றார் மாப்பிள்ளையின் அண்ணன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஐயர் தலையை ஆட்டினார். "ஆன கல்யாணத்தை ரெண்டாவது செய்யது பாவம். ஆகாத கல்யாணத்தை ஆச்சுன்னு எழுதுதது பொய். ஆச்சா ஆகலையான்னு தெரியாம நான் ரெண்டையும் செய்ய மாட்டேன். மேலிடத்துக்கு எழுதிக் கேக்கேன். பதில் வர மூணு வாரம் ஆகும்."

ரிஜிஸ்தரை மூடினார்.

மூன்று வாரம் என்றால் கப்பல் போய்விடும். வேலை போய்விடும். அம்மாவுக்கு மூன்று வாரம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எப்படி இருந்தேன்? மனந்திறந்து சொல்கிறேன். ரிஜிஸ்தர் மூடிய சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. எனக்குக் கண்டிச் சீமை வேண்டாம். கடல் தாண்ட வேண்டாம். சாகக் கிடக்கிற அம்மாவை விட்டுவிட்டு, மொத்தம் நாலு வார்த்தைகூடப் பேசியிராத ஒருவரோடு போக வேண்டாம். கழுத்தில் தாலியோடு நின்றுகொண்டு, கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று பார்த்தேன். உடனே அம்மா முகம் நினைவு வந்தது. அவள் கண்ணால் பார்த்ததை இல்லை என்று அவளிடமே போய்ச் சொல்ல வேண்டுமே! அதை நினைத்ததும் அழுகை வந்தது. எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்சம் தள்ளி நின்றார். மறுபடி கொஞ்சம் நெருங்கினார். எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

"இப்ப உன்னய நான் எப்படிக் கூப்பிடணும்?" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் தனியாகப் பேசிய முதல் வார்த்தை.

சன்னலுக்கு அந்தப் பக்கம்

குடிலுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். குரல் மெலிசு. காற்றுதான் அதைக் கொண்டுவந்து சேர்த்தது.

"என்ன அங்கன சத்தம்? ஐயரை வரச் சொல்லுங்க."

ஓலைச்சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஐயர் உள்ளே போனார். நாங்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றோம்.

"அம்மா, நீங்க ஒரு வாரமா இங்கனதான் படுத்திருக்கீக. கல்லு நின்ன இடம் தெரியுமா?"

அம்மா கண்ணைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏழு நாளா அதைத்தான பாத்துக்கிட்டுக் கிடக்கேன். சன்னலோட வலது கம்புக்கு நேரா நின்னுச்சு கல்லு. எம்பிள்ளைக நின்னது அதுக்கு இங்கிட்டு. இடது கம்புக்கு நேரா. ரெண்டு பேரையும் பாத்தேன், கல்யாணத்தைப் பாத்தேன். எழுதிக்கிடுங்க."

ஐயர் சன்னலோரம் நின்று பார்த்தார். வலது கம்பு, இடது கம்பு, பந்தல். தெற்கே பார்த்த சன்னல், வலது கை மேற்கு. வலது கம்புக்கு நேரே கண்ணை ஓட்டினால் பார்வை பந்தலுக்கும் மேற்கே போனது. கல் அங்கேதான் என்றால் பந்தல் திருநெல்வேலி ஜில்லாதான். இரண்டு காவலர்களின் பேச்சையும், அப்பாவின் எட்டையும், மாப்பிள்ளை அண்ணனின் எட்டையும் நம்பாத ஐயர், அம்மா சொன்னதும் மறுகேள்வி கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே வந்து ரிஜிஸ்தரைத் திறந்தார். 'பாதித்திட்டு, திருநெல்வேலி ஜில்லா' என்று எழுதி, ஊதி ஊதி மை உலர்த்தினார்.

மீராசா ராவுத்தர் இலை போடச் சொன்னார். இரண்டு தேசத்துக் காவலர்களும் ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கல்லைக் கழுவி, கரியைத் தேய்த்து, தங்களுக்குள் பேசிக்கொண்டு மூன்று இடத்தில் நட்டுவிட்டார்கள். எந்தக் கணக்கில் நட்டார்களோ! திருவிதாங்கூர் அன்று ஒரு பத்தடி கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம்.

கட்டில் கயிறு

சாயந்தரம் அம்மாவின் கயிற்றுக்கட்டில் தொய்ந்துவிட்டது என்று அவளைப் பாயில் இறக்கிப் போட்டோம். புது மாப்பிள்ளை, யாரும் சொல்லாமல், தானே உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் ஏறிப் படுத்தார். மாமியார் கட்டிலில் மாப்பிள்ளை படுக்கிறதாவது என்று எனக்குச் சுள்ளென்றது. அவர் சீக்கிரம் எழுந்திருக்கவுமில்லை. சன்னலைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாணத்தை எனக்கே விவரித்தாள்.

"ஏளா, தலையே நிமிரல நீ. தாலி கட்டும்போது தலையில இருந்து பூ விழுந்துச்சு. மாப்பிள்ளை குனிஞ்சு எடுத்துக் குடுத்தாரு. அது எனக்குப் பிடிச்சுது. உன்னயப் பாத்துக்கிடுவாரு."

பூ விழவில்லை. நான் தலை குனியவுமில்லை. மண் கண்ணில் விழுகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன். காய்ச்சல் வேகத்தில் பேசுகிறாள் என்று நினைத்து, "ஆமாம்மா" என்றேன்.

வியாழக்கிழமைக் கப்பல் எங்களுக்காகப் பலகை பழுதாகி இரண்டு நாள் தாமதித்து நின்றது. ஏறினோம். அம்மா பாளையங்கோட்டைக்குத் திரும்பி, ஆறு தெரிகிற தூரத்தில், தன் வீட்டில் போய்ச் சேர்ந்தாள். கடிதம் கண்டிக்கு வந்தபோது அடக்கம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இப்போது சொல்லலாம்

கண்டியில் எங்கள் வாழ்க்கையை முந்தைய அத்தியாயங்களில் எழுதிவிட்டேன். நாலு பிள்ளைகள், வருஷாவருஷம் இரண்டு அட்டைக்கடி மாதங்கள், முப்பது வருஷம் கரும்பலகை. ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கே வந்து சேர்ந்தோம்.

கொஞ்ச காலத்துக்கு முன், திருவிதாங்கூரின் தென்பகுதி நம்மோடு சேர்ந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்ததல்லவா? அன்று காலை அவர் முற்றத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கிருபை, பாதித்திட்டு இப்ப முழுத்திட்டு ஆயிட்டு. எங்கன நின்னு கல்யாணம் செஞ்சாலும் ஒண்ணுதான். இனிமே சொல்லலாம்."

"எதைச் சொல்லலாம்?"

"அந்தக் கட்டில்ல படுத்தா, சன்னல் வழியா ஆகாசம் மட்டுந்தான் தெரியும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா உள்ளே ஓடி ஓடிச் சன்னல் வழியாகப் பார்த்தாரே, அவர் நின்றுகொண்டு பார்த்தார். ஐயரும் நின்றுகொண்டு பார்த்தார். தலையணைகூட வைக்கக் கூடாத அம்மா படுத்துக்கொண்டிருந்தாள். சன்னலின் அடிக்கட்டை அவள் கண்ணுக்கு மேலே இருந்திருக்கிறது. கல்லைப் பார்த்திருக்க முடியாது. பந்தலைப் பார்த்திருக்க முடியாது. இத்தனை பாடுபட்டு, காற்றோடு சண்டை போட்டு, அவள் கண்ணுக்கு நேராக நடத்திய கல்யாணத்தை அவள் பார்க்கவே இல்லை. வலது கம்பு, இடது கம்பு என்று சொன்னாளே, அந்த இரண்டு கம்புகளும் ஆகாசமும்தான் அவளுக்குத் தெரிந்தவை.

வாழ்நாள் முழுதும் ஒரு பொய் சொல்லாதவள் ஐயரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்கிறாள். ரிஜிஸ்தரில் ஏற்றச் சொல்லியிருக்கிறாள். அது போதாதென்று எனக்குப் பூ வேறு.

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே! ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"ரிஜிஸ்தரை மூடினப்ப நீ சிரிச்ச."

"நான் சிரிக்கல. அழுதேன்."

"அழுறதுக்கு முன்னால சிரிச்ச. நான் பாத்தேன்." பத்திரிகையை நாலாக மடித்தார். "சொல்லியிருந்தா நீ அன்னைக்கே பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறியிருப்ப."

எனக்குக் கோபமா, வெட்கமா, அம்மாவை நினைத்து அழுகையா, எதுவென்று பிரிக்க முடியவில்லை. அப்படியானால் நாங்கள் நின்றது எந்த நாடு? அம்மா சொன்னது குருட்டாம்போக்கில் நிஜமாகவும் இருந்திருக்கலாமே? காவலர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ராவுத்தர் போய்விட்டார். ஐயர் போய்விட்டார். கேட்பதற்கு ஆள் இல்லை. நாலு பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகு, நான் கல்யாணமானவளா என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது.

எழுந்து வீட்டுக்குள் போனேன். சன்னலோரக் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துக் கீழே போட்டேன். நேராகப் படுத்தேன்.

"அந்த வேப்பமரத்துக்குக் கீழ போயி நில்லுங்க" என்றேன்.

ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் முற்றத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு அவருடைய இருமல் கேட்டது. சன்னலில் இரண்டு கம்பி, நடுவில் வெறும் ஆகாசம். ஒரு பருந்துகூட இல்லை.

"தெரியுதா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"தெரியுது" என்றேன்.